நாற்பத்தெட்டு மழைக்கோட்டுகள்

மே 2, வெள்ளி

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு. நாற்பது பேர் சென்னை, கோவையிலிருந்து இரண்டு ஏசி பேருந்துகளில் வந்தார்கள். மீதி எட்டுப் பேர் மதுரை, திண்டுக்கல் பக்கத்து அரசு விடுதிகளில் தங்கிப் படிப்பவர்கள். அடிவாரம் வரை டவுன் பஸ், அங்கிருந்து முகாமின் ஜீப். கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று பேர் வாந்தி. ஜீப்பை நான்தான் கழுவினேன்.

இந்த எட்டுப் பேருக்கு இங்கே "விருந்தினர் மாணவிகள்" என்று பெயர். கூடாரத்துக்கு ஒருத்தி என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் கலந்து பழக வேண்டுமாம்.

நான் துணைப் பயிற்சியாளர். விசில் ஊத வேண்டும், கூடாரக் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும், கழிவறை வாளிகளை எண்ண வேண்டும், காலைச் சோதனைக்கு மதிப்பெண் போட வேண்டும். பத்து நாள் ஒழுங்காக ஓடினால், முகாமை நடத்தும் அறக்கட்டளையின் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலைக்கு, முகாம் தலைவி சந்திரிகா மேடம் எனக்குச் சிபாரிசு செய்வார். படிப்பை முடித்து இரண்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் விசில் ஊதுவேன்.

மே 3, சனி

கால் வலிக்கிறது. கூடாரம் எட்டையும் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினோம்.

மதியம் அடுப்பு மூட்டும் பயிற்சி. ஈர விறகு. சென்னைப் பிள்ளைகள் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தீர்த்தார்கள். மைனா கூடாரத்து யோகேஸ்வரி ஒரே குச்சியில் பற்ற வைத்துவிட்டாள். பதின்மூன்று வயது, விருந்தினர் மாணவி, ஒல்லிக் குச்சி. "எப்படிடி?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"வீட்ல இதான வேலை" என்றாள்.

கை தட்டினார்கள். அவளுக்குக் கூச்சம், எனக்கு எரிச்சல். அடுப்பெரிக்கிறதுக்குக் கைதட்டு வாங்கிய முதல் ஆள் அவள் வம்சத்தில் இவளாகத்தான் இருப்பாள்.

குளிக்க ஓடைக்குக் கூட்டிப்போனபோது குறுக்கு வழியில் இறக்கினேன். குயில் கூடாரத்து மிருதுளா, வாய் ஓயாத சென்னைப் பெண், பின்னாலேயே வந்து கேட்டாள். "அக்கா, நீங்க இந்த வருஷம்தானே புதுசா வந்தீங்க? இந்த வழி எப்படித் தெரியும்?"

மலையில் பிறந்தவர்களுக்கு வழி தானாகத் தெரியும் என்று சொல்லி வைத்தேன். நான் பிறந்தது கீழே சமவெளியில், ஒட்டன்சத்திரம்.

மே 4, ஞாயிறு

காலைச் சோதனை எப்படி நடக்கும் என்று எழுதி வைக்கிறேன். இதில்தான் இந்த முகாமின் உயிர் இருப்பதாக மேடம் நினைக்கிறார்.

ஏழு மணிக்கு விசில். ஒவ்வொருத்தியும் கூடாரத்துக்கு முன்னால் விரிப்பைப் போட்டு, பட்டியலில் உள்ள பன்னிரண்டு பொருளையும் வரிசையாக வைக்க வேண்டும். டார்ச், தட்டு, தம்ளர், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, விசில், இப்படி. நான் நோட்டோடு முதல் கூடாரத்திலிருந்து எட்டாவது வரை போவேன். ஒரு பொருள் குறைந்தாலும் அன்றைய சோதனைக்குச் சுழியம். இதோடு நடை, கயிறு ஏறுதல், அடுப்பு எல்லா மதிப்பெண்ணும் சேர்த்து, ஆறு நாள் முடிவில் முதலாவதாக வருகிறவள் ஏழாம் நாள் மலையேற்றத்தில் கொடி பிடித்து முன்னால் போவாள். அவள் பெயரைச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் பெயிண்டில் எழுதுவார்கள். பலகையில் அறுபத்தொரு பெயர் இருக்கிறது. மத்தியானம் பாத்திரம் எடுத்து வைக்கும்போது நின்று படித்தேன். பெயரோடு பள்ளியும் போட்டிருக்கிறார்கள். விருந்தினர் மாணவி ஒருத்தியும் இல்லை.

இன்று முதல் கூடாரமான குயிலில் மிருதுளாவின் விரிப்பில் ஒரு சிவப்பு மழைக்கோட்டு. மேல் பொத்தான் உடைந்தது. டிக். இரண்டாவது கூடாரம் மைனா. யோகேஸ்வரியின் விரிப்பிலும் ஒரு சிவப்பு மழைக்கோட்டு. மேல் பொத்தான் உடைந்தது. நான்காவதிலும் அதே கோட்டு. அப்புறம் ஐந்து, ஏழு, எட்டு. நான் முன்னால் போகப் போக, கூடாரங்களுக்குப் பின்னால் புதருக்குள் யாரோ குனிந்து ஓடும் சத்தம். எட்டாவது கூடாரத்தில் அந்தக் கோட்டு விரிப்பின்மேல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. விருந்தினர் மாணவிகள் எட்டுப் பேரில் ஐந்து பேருக்குக் கோட்டு கிடையாது.

ஐந்து டிக்கும் போட்டேன். நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு.

பிறகு மிருதுளாவைத் தனியாகப் பார்த்தபோது, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "சோதனை எப்படிப் போச்சுக்கா?" என்றாள். யோசனை அவளுடையதுதான். நல்ல பிள்ளை என்றே தோன்றியது.

மே 5, திங்கள்

சமையல் அந்தோணியம்மாவுக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். இருபத்தைந்து வருடமாக இங்கே அவர்தான். கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஏத்தா, நீ முன்னாடி இங்க வந்த புள்ளதான? மஞ்சக்கோட்டுப் புள்ள?"

"இல்லம்மா."

"ரசஞ்சோத்த மூணு தடவ வாங்கித் திம்பியே."

"அது வேற யாராவதா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்று கிழங்கை எடுத்தார். "அந்தப் புள்ளைக்கும் இதே மாதிரிதான் மூக்குக்கு மேல கோவம் வரும்."

மே 6, செவ்வாய்

மழை. துணி எதுவும் காயவில்லை. ஒரு பிள்ளைக்குக் காது வலி, ஒரு பிள்ளைக்கு அம்மா ஞாபகம், இரண்டு பேருக்குச் சண்டை. சோதனை: நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு.

மே 7, புதன்

மதிப்பெண் கூட்டியாகிவிட்டது. யோகேஸ்வரி முதலிடம். மிருதுளா இரண்டாவது, பதினோரு மதிப்பெண் பின்னால். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

மாலை கொடி இறக்கும்போது மேடம் பெயரை அறிவித்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், கண் கலங்கியது. சிறுமியாக இங்கே வந்தவர், அறுபத்தாறு வயதிலும் அதே அரைக்கால் சட்டை. பணக்காரப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பாத்திரம் கழுவும் இடத்தில் யோகேஸ்வரி என்னிடம் வந்தாள்.

"அக்கா, மிருதுளாவே கொடியப் பிடிக்கட்டுமே."

"ஏன்? நீதான ஜெயிச்ச?"

"சும்மாத்தான்க்கா."

"சும்மா என்ன சும்மா? அவளுக்கு ஊர்ல ஆயிரம் இருக்கு. இது உனக்கு. வாய மூடிட்டுப் போய்ப் பிடி."

சரிக்கா என்றாள். தட்டை அதன்பின் ரொம்ப நேரம் தேய்த்தாள்.

மே 8, வியாழன்

எழுத முடியவில்லை.

மே 9, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எப்படியும் நாளை எழுதிக் கேட்பார்கள்.

நேற்றுக் காலை ஏழரைக்கு எல்லோரும் கொடிக்கம்பத்தடியில் வரிசை. மேற்கே மேகம் திரண்டிருந்தது. மேடம் வானத்தைப் பார்த்தார். இந்த முகாமின் வழக்கம் இது: மழை வரும்போல் இருந்தால், எல்லோரிடமும் மழைக்கோட்டு இருக்கிறதா என்று நோட்டைப் பார்ப்பார்கள். இருந்தால் மலையேற்றம் உண்டு. ஒருத்திக்கு இல்லை என்றாலும் கிடையாது. மேடம் கேட்டார். நாற்பத்தெட்டு கோட்டும் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மலையேற்றம் தொடங்கியது.

யாரோ இல்லை. நான். நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "எல்லாருக்கும் இருக்கு மேடம்" என்றேன். முன்வரிசையில் கொடியோடு நின்ற யோகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விசிலை ஊதினேன்.

நிறுத்தியிருந்தால் அந்த ஐந்து பேரைக் கூட்டத்துக்கு முன்னால் காட்டிக்கொடுத்தது போலாகும், அதனால்தான் சொன்னேன் என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவள் முன்னால் ஏறிப்போவதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவளாக வந்து சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு உச்சிக்குக் கொஞ்சம் கீழே மொட்டைப் பாறையில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. நாற்பத்து மூன்று கோட்டுகள் பைகளிலிருந்து வெளியே வந்தன. ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மிருதுளா தன் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் கோட்டு, போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் சுற்றிப் பார்த்தாள். பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மற்ற நான்கு பேரையும் பெரிய பிள்ளைகளின் கோட்டுக்குள் இரண்டிரண்டு பேராக நுழைத்தோம். யோகேஸ்வரி எல்லோருக்கும் முன்னால், தனியாக, கொடியை விடாமல் நின்றாள். நான் அவளிடம் ஏறிப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. பாறையில் தண்ணீர் ஓடியது, இரண்டு தடவை விழுந்தேன். போனபோது உதடு நீலம். பேர் கேட்டேன். "யோ" என்பதற்கு மேல் வரவில்லை. நடுக்கம் நின்றிருந்தது. நடுக்கம் நிற்பது நல்லதல்ல என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஈரத்தைக் களைந்து, என் ஸ்வெட்டரையும் கோட்டையும் மாட்டி, முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினேன். மேடமும் மாறி மாறிப் பிடித்தார். அந்த வயதில் அவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கீழே ஜீப். அடிவாரத்து அரசு மருத்துவமனை. டாக்டர், இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது. உயிருக்குப் பயமில்லை.

மே 10, சனி

மருத்துவமனையில் இருந்தேன். யோகேஸ்வரியின் அம்மா செல்லத்தாய் பஞ்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கோட்டு வாங்கிட்டு வரணும்னு ஏதோ காயிதம் குடுத்தாங்களாமே? எங்கிட்ட இவ காட்டவேயில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி காட்டல?"

"காட்டுனா போக வேணாம்னிருப்ப."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் காட்டல."

அம்மா இட்லி வாங்கப் போனார். யோகேஸ்வரி கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த மேடம் காலைல வந்து கேட்டாங்க. கோட்டுல ஏமாத்துனியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்." இருமினாள். "நீங்க பாத்தீங்கன்னு சொல்லல. எட்டாவது டெண்டுல நீங்க அந்தப் பொத்தானத் தொட்டுப் பாத்தீங்களாமே? எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம். உங்க வேலை போயிரும்ல?"

பதின்மூன்று வயது. நான் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

சாயங்காலம் மேடம் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். யோகேஸ்வரியின் விடுதிக் காப்பாளருக்கு. சோதனையில் ஏமாற்றியதாகவும், மற்ற பிள்ளைகளின் உயிருக்கும் ஆபத்து வரவழைத்ததாகவும். அறக்கட்டளைச் செயலாளர் போனில் சொல்லச் சொல்ல எழுதியது. சோதனை செய்தவள் என்று நான் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடிதம் போனால் ஜூனில் விடுதியில் அவளுக்கு இடம் கிடைக்காது. விடுதி இல்லையென்றால் பள்ளி இல்லை. அம்மா வேலை பார்க்கும் ஆலைக்குப் பிள்ளைகளைப் பிடிக்க வருடா வருடம் ஆள் வருகிறது.

காலையில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய், தெரியும். விளையாட்டு டீச்சர் வேலை.

மே 11, ஞாயிறு

பிள்ளைகள் காலையில் கிளம்பிவிட்டார்கள். கூடாரங்களை மடித்து அடுக்கிவிட்டு அலுவலக அறைக்குப் போனேன். கையெழுத்துப் போடவில்லை. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போனேன். ஒரே கோட்டு ஆறு கூடாரத்தில் வந்ததை முதல் நாளே பார்த்தேன், தெரிந்தே டிக் போட்டேன், கொடிக்கம்பத்தடியில் தெரிந்தே பொய் சொன்னேன், பிள்ளைகளுடைய தப்பு எதுவும் இல்லை.

மேடம் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணின? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா சுழியம் போட்டிருப்பீங்க. ஸ்டோர்ல எட்டு கோட்டு வாங்கி வச்சிருந்தா இது எதுவுமே வந்திருக்காது மேடம்."

"இருந்துதே!" அவர் குரல் உயர்ந்தது. "மஞ்சள் கோட்டு, எட்டு. வருஷா வருஷம் அந்தப் பிள்ளைங்களுக்கு நாங்களே குடுப்போம். ஒரு பொண்ணு வீட்டுக்குப் போய் லெட்டர் எழுதினா. இந்தக் கோட்டைப் போட்டா நான் யாருன்னு தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியுது, நனையுறது மேல்னு. அதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் சாப்பிடலை. அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்து வெளியே குடுத்துட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி, அவங்கவங்க கோட்டை அவங்கவங்களே கொண்டு வரணும்னு மாத்தினேன். அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுத்தாம்மா செஞ்சேன்."

"வேற கலர்ல வாங்கியிருக்கலாம் மேடம்."

அது அவருக்குத் தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

"அந்த லெட்டர எழுதினது நான்" என்றேன்.

ரொம்ப நேரம் என் முகத்தில் தேடினார். அந்தோணியம்மாவுக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை. "எந்த வருஷம்?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார். ஞாபகம் வந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை, அந்த நேர்மைக்காக என்னால் அவர்மேல் கோபப்பட முடியாமல் போனது. பன்னிரண்டு வயதில் நான் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. இப்போதும் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் அதைப் படித்த ஒருவர் இப்படிச் செய்வார் என்று யாருக்குத் தெரியும்?

மேடம் தட்டச்சுக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். என் தாளைக் கோப்பில் வைத்தார். விடுதிக்குக் கடிதம் போகாது. என் சிபாரிசும் போகாது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். விருந்தினர் மாணவிகளை இனி அழைப்பதில்லை என்று செயலாளர் முடிவெடுத்துவிட்டார். பொறுப்பு ஏற்க முடியாதாம்.

"நீங்க பேசுங்க மேடம்."

"பேசினேன்மா."

மே 12, திங்கள்

யோகேஸ்வரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரைப் பையோடு அவளும் அம்மாவும், என் பெட்டியோடு நானும், ஒரே பஸ். மூன்று பேர் சீட்டில் அவள் நடுவில்.

செம்பட்டி தாண்டியதும் செல்லத்தாய் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எல்லாருக்கும் கோட்டு இருக்குன்னு சொன்னது நீங்கதானாம்ல?"

"ஆமாக்கா."

"ஏன் சொன்னீங்க?"

"இவ முன்னாடி ஏறணும்னு."

"ஏறுனா?"

"பேர பலகையில எழுதுவாங்கம்மா" என்றாள் யோகேஸ்வரி.

"ஒங்கப்பன் பேரு கூடத்தான் ரேசன் கார்டுல இருக்கு. ஆளு எங்க இருக்கான்?"

யோகேஸ்வரி சிரிக்கப் போய் இருமினாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்க வேண்டிய ஊர் வரும்வரை தலையைச் சாய்த்துத் தூங்கினார், இரண்டு நாள் ஷிப்ட் போனது அவருக்கு.

"அடுத்த வருசம் கூப்பிடுவாங்களாக்கா?" என்று யோகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"மாட்டாங்க."

"என்னைய மட்டுமா?"

"யாரையுமே."

கொஞ்ச நேரம் மாத்திரைப் பையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். "எங்க விடுதியில தங்கமாரின்னு ஒருத்தி இருக்கா. ஏழாவது. அடுத்த வருசம் அவளத்தான் அனுப்புறேன்னு வார்டன் சொல்லியிருக்காங்க. நான் வந்து சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருப்பா."

நான் பெட்டியைக் கால் பக்கம் இழுத்து வைத்தேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க. அவ மாமா கடை நம்பர் எனக்குத் தெரியும்."

சொன்னாள். பத்து இலக்கத்தையும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன், திருப்பிப் படிக்கச் சொன்னாள், படித்தேன். ஊர் வந்ததும் அம்மாவை எழுப்பி இறங்கிப் போனாள்.

மணி ஐந்தாகிறது. வீட்டில் காபி போட்டுக் கொடுத்தார்கள், வேலை என்னாச்சு என்று கேட்டார்கள், சொல்லிவிட்டேன். மாமா கடை ஒன்பதுவரை திறந்திருக்குமாம். போனை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன்.